கழற்றிக் கொடுத்த சட்டை

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னும், எங்கள் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் தயங்கி நின்றார். அவருடைய மகன் எட்டாம் வகுப்பு மாணவன்; பங்கின் வாலிபால் குழுவில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்.

“சாமி, பையனை அரக்கோணத்தில் வேறொரு குழுவில் சேர்த்துவிட்டேன். பத்து நாளாக இங்கே அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பயிற்சி கொடுக்கிற தம்பியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்” என்றார்.

அந்தத் தம்பி விசைத்தறியில் வேலை செய்பவர். தறி ஓசை காதில் நிற்கவே மாலையில் மைதானத்துக்கு ஓடி வருவார். ஒரு ரூபாயும் பெறுவதில்லை. அவரை நினைத்து நான் கோபம் கொண்டேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. அடுத்த வாரம் நடக்கவிருந்த போட்டியும், பங்கு இல்லத்து அலமாரியில் நான் ஒதுக்கி வைத்திருந்த இடமுமே முதலில் என் நினைவுக்கு வந்தன. மேய்ப்பனுக்கும் கோப்பை ஆசை உண்டு.

“பையன் என்ன சொல்கிறான்?” என்று கேட்டேன். அவர் அதுவரை மகனைக் கேட்டிருக்கவில்லை.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலின் பதினைந்தாம் அதிகாரத்தைப் புரட்டினேன். பம்பிலியாவில் தங்களை விட்டுச் சென்ற மாற்கை மீண்டும் அழைத்துச் செல்லப் பவுல் மறுத்தார், பர்னபா விடவில்லை. கடுமையான வாக்குவாதம். பர்னபா மாற்குடன் சைப்பிரசுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவுடன் சிரியாவுக்குப் புறப்பட்டார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, இத்தகைய பெரியவர்களுக்குள் இப்படியொரு பிளவா என்று வெட்கப்பட்டேன். இப்போது அவர்கள் முகத்துக்கு முகம் பேசிப் பிரிந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. காய்ச்சல் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. பிற்காலத்தில் சிறையிலிருந்த பவுல், மாற்கு தமக்குப் பயன்படுவார், அவரை அழைத்து வாரும் என்று திமொத்தேயுவுக்கு எழுதவும் முடிந்தது.

இடம் மாறுவது எங்கள் திருத்தணிக்கும் புதிதன்று. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் அங்கே சென்றன. கோடு மாறிற்று, நகரி, புத்தூர்ப் பக்கத்து உறவுகள் அறுந்துபோகவில்லை. ஆடிக் கிருத்திகைக் காவடிகள் இன்றும் இரு மொழி பேசுவோர் தோள்களிலும் மலையேறுகின்றன.

புனித இரண்டாம் யோவான் பவுல், வதோவிட்சே நகரில் சிறுவராயிருந்தபோது கால்பந்தில் கோல் காப்பாளர். கத்தோலிக்கச் சிறுவரும் யூதச் சிறுவரும் எதிரெதிரே ஆடும்போது, யூதர் பக்கம் ஆள் குறைந்தால் அங்கே போய் நின்றுகொள்வாராம். அணி மாறுவதைத் துரோகமாக எண்ணுவது பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள்தாம்.

செவ்வாய் மாலை தந்தையும் மகனும் மைதானத்துக்கு வந்தார்கள். நான் உடன் நின்றேன், பேசவில்லை. தந்தை காய்ச்சல் கதை பொய்யென ஒப்புக்கொண்டார். “தெரியும் அண்ணே” என்றார் பயிற்சியாளர். பிறகு பையனைப் பார்த்து, “உனக்குப் போக ஆசையா?” என்று கேட்டார். ஆசைதான், ஆனால் வருகிற போட்டியில் ஆடிவிட்டுப் போகிறேன் என்றான்.

ஆடினான். மூன்றாவது செட்டில் தோற்றோம்.

மறுநாள் தன் ஏழாம் எண் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தான். கூட்டாளிகள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினான். ஒருவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பயிற்சியாளர் சட்டையை வாங்கிக்கொண்டு, “தூக்கிக் கொடுக்கும்போது வலது கால் சற்று முன்னால் இருக்கட்டும். ஆனால் அங்கே வேறு மாதிரி சொன்னால் அதையே கேள்; இங்கே இப்படி என்று சொல்லிக்கொண்டு நிற்காதே” என்றார்.

பிறகு, இதுவரை பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த சிறுவனை அழைத்து அந்தச் சட்டையை மாட்டிவிட்டார். அது அவன் முழங்கால் வரை தொங்கிற்று.