20 வயதில் ஏதென்ஸ்

கோவில்பட்டி, கடம்பூர் வட்டாரத்தில் நாலு ஹாக்கிக்காரர்கள் கூடினால் யாரையாவது பற்றி ஒரு பேச்சு வந்துவிடும்: "இந்தியாவுக்கு ஆடியிருக்க வேண்டியவன்." சொல்வதில் பெருமையும் இருக்கும், ஆற்றாமையும் இருக்கும். அந்த ஆள் இப்போது ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் லீவு போட்டுவிட்டுக் கோவில்பட்டி மைதானத்துக்கு வந்துவிடுவார்.

இந்தியாவுக்கு ஆடியவருக்கும் அந்த ஆற்றாமை பொருந்தும். கோவையின் ஆடம் சின்கிளேர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில் முன்கள வீரர், வயது 20. அதே அணியில் 36 வயது தன்ராஜ் பிள்ளை தன் நான்காவது ஒலிம்பிக்கை ஆடினார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து புனே பக்கம் வளர்ந்த மூத்தவர் விடைபெறும் நேரத்தில் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் இளைஞர் வருகிறார் என்றால், அடுத்த பத்தாண்டுக்கு மனக்கணக்குப் போடாமல் யாரால் இருக்க முடியும்?

கணக்கு பலிக்கவில்லை.

சின்கிளேரின் திறமையில் குறை தேடுவதைவிட அந்த ஆண்டுகளைப் பார்ப்பதே நியாயம். ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது பயிற்சியாளரை மாற்றினார்கள். ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக் வந்தார். இந்தியா ஏழாவது இடம். 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதல்முறையாக ஒலிம்பிக் வாய்ப்பே கைநழுவியது. 24 வயதில், ஒரு முன்கள வீரர் முதிர்ந்து நிற்கவேண்டிய பருவத்தில், சின்கிளேருக்கு மட்டுமா பெய்ஜிங்கில் இடமில்லை? நாட்டுக்கே இல்லை. சென்னை வீரன்ஸ் ஆடிய பிரீமியர் ஹாக்கி லீக்கும் அந்த ஆண்டோடு முடிந்தது. 2013-ல் ஹாக்கி இந்தியா லீக் வந்தபோது அதில் சென்னை அணி கிடையாது.

கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள் இந்தியாவுக்கு ஆடமுடியாமல் போனதற்குத் தரையும் ஒரு காரணம். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிலேயே செயற்கைப் புல்தரை வந்துவிட்டது. மண்ணில் பந்து எகிறும். வாங்கி, அடக்கி, பிறகுதான் யோசிக்கலாம். நனைத்த புல்தரையில் அது வழுக்கிக்கொண்டு பாயும்; குனிந்த உடம்போடு, வாங்கும்போதே அடுத்த அடியை முடிவு செய்திருக்க வேண்டும். கை பழகும் வயதில் மண்ணில் ஆடிவிட்டு, இருபதை நெருங்கும்போது அந்தத் தரைக்குப் போகும் பையன் பாதி ஆட்டத்தைப் புதிதாகக் கற்கவேண்டும். கரிசல் காட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாகச் சுமந்த பாரம் இது.

கோவில்பட்டிக்குப் புல்தரை வந்த பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். உள்ளூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து இங்கே வந்து பயின்ற கார்த்தி செல்வமும் 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது.

ஆனால் தரை கிடைத்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் கடுமையான ஆட்டங்களும் வேண்டும். 2017-க்குப் பிறகு நின்றுபோன லீக் 2024 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது; இம்முறை தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணியும் உண்டு. 2017-ல் 18 வயதாக இருந்த பையனுக்கு அப்போது 25 ஆகியிருக்கும். அதற்குள் அவன் வேலைக்கு எழுதிப்போட்டிருப்பான். வீட்டில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். கேட்டதில் தப்பும் இல்லை.