பட்டியல் மீட்ட வீடு

ஆம்ஸ்டர்டாமின் யோடன்பிரேஸ்ட்ராட் தெருவில் உள்ள ரெம்பிராண்டின் வீட்டுக்குள் நுழைந்தால், ஓவியர் இப்போதுதான் வெளியே போயிருக்கிறார் என்றே தோன்றும். கட்டில், கடற்சிப்பிகள், மார்பளவுச் சிலைகள் என எல்லாம் அதனதன் இடத்தில்.

1639இல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீடு. ‘இரவுக் காவல்’ ஓவியத்தை வரைந்த காலத்தில் இங்குதான் வசித்தார். கடன் அடைபடவில்லை. 1656இல் திவாலானார். அதிகாரிகள் அறை அறையாகச் சென்று 363 இனங்களைக் குறித்துக்கொண்டார்கள். பொருட்கள் ஏலம் போயின. 1658இல் வீடும் கைமாறியது.

1911இல் அருங்காட்சியகமான இந்த வீட்டை 1990களின் இறுதியில் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தபோது கைகொடுத்தது அந்தப் பட்டியல்தான். இங்குள்ள சாமான்களில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல, அந்தக் காலத்தவை. மானத்தை வாங்கிய காகிதமே வீட்டை மீட்டுத் தந்திருக்கிறது. ரெம்பிராண்டோ 1669இல் ஒரு வாடகை வீட்டில் இறந்தார்.