எந்த ஆமி என்று கேட்காத மருத்துவம்

கொஞ்சம் நீளமான த்ரெட். போரில் பெண்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறை பற்றியது. படிக்க மனசு ஒப்பாதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள், தவறில்லை. மற்றவர்கள் கடைசி வரை வாருங்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ தேவைப்படக்கூடிய விஷயங்களும் இதில் இருக்கின்றன.

நான் தூத்துக்குடியில் மகப்பேறு மருத்துவர். "போர்ல நடக்கிற கொடுமைக்கும் நம்ம ஊர் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றலாம். மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் நாம், அந்தக் கரையில் மன்னார். ஒரு காலத்தில் இரண்டு கரையும் இதே வளைகுடாவில்தான் முத்துக் குளித்தன. 1983-க்குப் பிறகு அதே கடலைத் தாண்டி மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தாப்பாத்தி, குளத்துவாய்பட்டி என்று நம் மாவட்டத்திலேயே முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாறியது. அங்கிருக்கும் பெண்களும் நம் ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். எழுத அவரிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன். வயது ஐம்பதுக்கு மேல். பல வருஷமாக அடிவயிற்று வலி. ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், சிறுநீர் நார்மல். ஒரு மருத்துவமனையில் "கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாகிடும்" என்று தேதியே குறித்துவிட்டார்களாம். இவர் போகவில்லை.

பரிசோதனை மேசைக்கு வந்தார். கரண்ட் இல்லாததால் சிஸ்டர் டார்ச்சை எடுத்தார். வெளிச்சம் பட்டதும் அக்காவின் உடம்பு முழுக்க விறைத்துவிட்டது. மூச்சு வாங்குகிறது, கண் எங்கேயோ நிற்கிறது. டார்ச்சை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அண்டைக்கும் முகத்திலதான் லைட் அடிச்சவங்கள், டொக்டர்."

அப்புறம் இன்னொன்று சொன்னார். "எந்த ஆமி எண்டு சொன்னா நீங்கள் கவலைப்படுவியள்."

யோசித்துப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வலியைச் சுமப்பவர், எதிரே இருக்கும் இந்திய மருத்துவர் சங்கடப்படக் கூடாதே என்று வார்த்தையை அளந்து பேசுகிறார்.

1987-ல் அமைதி காக்க என்று போன நம் ராணுவத்தின் மீது யாழ்ப்பாணத்துப் பெண்கள் சொன்ன குற்றச்சாட்டுகளைத் தமிழ்நாட்டில் நாம் அதிகம் பேசுவதில்லை. சிங்கள ராணுவம் என்றால் மேடை போட்டுப் பேசுவோம், நம்மவர் என்றால் குரல் இறங்கிவிடும். அதைப் பதிவு செய்தவர் ஒரு மருத்துவர் என்பதால் எனக்கு அது ரொம்ப முக்கியம். ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூறியல் துறைத் தலைவர். அமைதிப்படைக் காலத்தில் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப்போய்க் கேட்டார், எழுதினார். மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதிய "முறிந்த பனை"யில் பெண்கள் பற்றிய பகுதி அவருடையது. எல்லாத் தரப்பு ஆயுதக்காரர்களையும் அதில் கேள்வி கேட்டார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. செய்தது புலிகள்தான் என்பது குடும்பத்தாரும் உடன் பணியாற்றியவர்களும் இன்றுவரை உறுதியாகச் சொல்லும் குற்றச்சாட்டு.

அந்தப் பிரதியில் இருந்த நால்வரில் இன்னொருவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். ஆக, நான்கு பேரில் இரண்டு பேர் டாக்டர்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. போரில் முதலில் காயத்தைப் பார்ப்பவர்கள் நாங்கள்தானே.

எந்த ஆமியாக இருந்தால் என்ன. 1996 செப்டம்பர் 7, பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி செம்மணி சோதனைச்சாவடியில் நிறுத்தப்பட்டாள். தேடிப்போன அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மூவரையும் கொன்றுவிட்டார்கள். 1998-ல் இலங்கை ராணுவத்தினருக்குத் தண்டனை கிடைத்தது. அபூர்வமாகத் தண்டனை வரை போன வழக்கு அது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கையோ காவலில் இருந்த பெண்களோடு ஆண்களுக்கும் நடந்த பாலியல் வன்முறையைப் பதிவு செய்திருக்கிறது. ஆண்கள் வாயே திறப்பதில்லை. மூலம், முதுகுவலி என்று எங்களிடம் வருவார்கள்.

போர் இல்லாத ஊர் என்று நிம்மதிப்படுகிறவர்களுக்கு: 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய ரெய்டு. 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது 2011-ல், உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-ல். சீருடையும் துப்பாக்கியும் ஒரு பக்கம், வெறுங்கையோடு பெண் இன்னொரு பக்கம். அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது? ருவாண்டா வழக்கில் 1998-ல், வன்புணர்வு இனப்படுகொலையின் கருவியாகவும் இருக்க முடியும் என்று சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது. 2008 ஜூன் 19-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை 1820-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் உடன்படிக்கையில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் மேசைக்கு வருவோம். இன்று ஒரு பெண் பாதிக்கப்பட்டு வந்தால் என்ன நடக்க வேண்டும்?

முதலில் சிகிச்சை. எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மருந்து கொடுப்பது சட்டவிரோதம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே, இலவசமாகப் பார்க்க வேண்டும். மறுத்தால் மருத்துவமனை நடத்துகிறவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காவல்துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் பொறுப்பு. புகார் கொடுப்பதா, தடயப் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்வதா என்பது அவர் முடிவு. "வேண்டாம்" என்றால் அதையும் எழுதிக்கொண்டு வைத்தியத்தைத் தொடர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோவில் தகவல் கட்டாயம்.

நேரம் ரொம்ப முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை கொடுக்கலாம், முதல் நாளே சிறந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, பால்வினைத் தொற்றுக்கான மருந்து. தடயம் 96 மணி நேரம் வரை எடுக்கலாம். குளித்துவிட்டார், துணி மாற்றிவிட்டார் என்றாலும் வாருங்கள். அந்தத் துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். நாள் கடந்திருந்தாலும் வைத்தியத்துக்குக் கடைசித் தேதி கிடையாது.

இரு விரல் பரிசோதனை என்று ஒன்று இருந்தது. அது அறிவியலே இல்லை, இன்னொரு வன்முறை. உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது. 2022 அக்டோபர் 31-ல், இனி செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால் "முடியாது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உடம்பில் காயம் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. துப்பாக்கி முனையில் யார் திமிறுவார்கள்?

தடுப்பது பற்றிக் கேட்டால் என் பதில் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். போகிற வழியில் ஒரு விளக்கு. தண்ணீர் பக்கத்தில். இறுதிப் போருக்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முள்வேலிக்குள் வைத்தார்கள். அங்கே பெண்கள் குளிப்பதே ராணுவக் கண் முன்னால். அகதி முகாம் அமைக்கிற எந்தப் பொறியாளரும் முதலில் ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ராத்திரி ஒண்ணுக்குப் போறதுன்னா எப்படிம்மா போவீங்க?"

அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதை எழுதாதேங்கோ டொக்டர். கியூ பிராஞ்ச் பாக்குமோ?" முகாமில் வருகைப் பதிவு, விசாரணை என்று வாழ்ந்தவருக்கு எந்தக் காகிதமும் போலீஸ் காகிதம்தான். நாள்பட்ட இடுப்பு வலி, தூக்கமின்மை, கொடுத்த மருந்து, இவ்வளவுதான் எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். பரிசோதனை மூன்றாவது முறை வந்தபோதுதான் நடந்தது. போர்வை அவர் கையில், "நிறுத்து" என்ற சொல்லும் அவர் கையில். இடுப்புத் தசை கல்லாக இறுகியிருந்தது. மூச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, தூக்கத்துக்கு மருந்து, அவர் சம்மதித்த பிறகு மனநல மருத்துவர். வலி முழுசாகப் போகவில்லை. கர்ப்பப்பையை எடுக்கத் தேவைப்படவில்லை.

முகாமில் இருந்து இதைப் படிக்கும் தங்கச்சிமாருக்கு: உங்களுக்கும் இதே சட்டம்தான். சிகிச்சை கேட்கும் பெண்ணின் குடியுரிமையைச் சட்டம் கேட்கவில்லை. 181-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், ஒன் ஸ்டாப் சென்டரில் மருத்துவம், வக்கீல், தங்க இடம் மூன்றுக்கும் வழி செய்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது முகாம் அட்டை கையில் இல்லை என்றால் அட்டை இல்லாமலே வாங்க.