கணினியின் மூளை

மடிக்கணினி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் திரையின் அளவையும் விலைச்சீட்டையும் மட்டுமே நோக்குவர். தில்லி நேரு பிளேஸ் கடைவீதியில் ஒரு தந்தையும் அவ்வாறே நோக்கினார். மகளின் படிப்புக்கென ஈராண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர் கையில் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகளோ, "அப்பா, முதலில் நுண்செயலியின் பெயரைப் பார்ப்போம்" என்றாள்.

ஒத்த தோற்றமுடைய இரு கணினிகள் அங்கிருந்தன. ஒன்றில் இன்டெல் செலரான் என்4020. மற்றொன்றில் இன்டெல் என்100. இரண்டும் 6 வாட் மின்திறனுக்கென வடிவமைக்கப்பட்டவை. எனவே வெப்பம் குறைவு. மின்கலமும் நெடுநேரம் தாங்கும். ஆயினும் 2019இல் வெளிவந்த முன்னதற்குக் கோர் எனப்படும் உள்ளகங்கள் இரண்டு. 2023இல் வெளிவந்த பின்னதற்கு நான்கு. உச்ச வேகமும் முன்னதற்கு 2.8 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 3.4.

இருவர் சமைக்கும் அடுக்களை அன்றாடத்திற்குப் போதும்; விருந்து நாளில் திணறும். நால்வர் பகிர்ந்து சமைத்தால் வேலை தடைப்படாது. இணைய வகுப்பு, அகராதி, கட்டுரை என யாவற்றையும் ஒருங்கே திறக்கும் மாணவர்க்கு நாள்தோறும் விருந்துதான்!

பின்னதன் விலை சற்றுக் கூடுதல். தந்தை தயங்கினார். "புதுப் பை வேண்டாம் அப்பா, பழைய புத்தகப்பையே போதும். நினைவகம் மட்டும் 8 ஜிபி இருக்கட்டும்" என்றாள் மகள். அவர் முகம் மலர்ந்தது.

மலிவு என்பது குறைந்த விலை மட்டுமன்று; கொடுத்த விலைக்கு நெடுநாள் உழைப்பதே உண்மையான மலிவு. அதனை அறிய ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் வேண்டும்.