ஏரி வேலையும் கம்பெனி வேலையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

வகுப்பில் ‘பின்தங்கிய பகுதி’ என்ற தொடரைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எங்கள் செய்யாறு வட்டாரத்தை யாரோ பெயர் சொல்லி அழைத்தாற்போல் இருக்கும். அத்தொடருக்கு ரூபாய்க் கணக்கில் ஒரு மதிப்பு உண்டு. பின்தங்கியவை எனத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஆலை தொடங்குவோர்க்கு, போடும் மூலதனத்தில் நூற்றுக்குப் பத்து மானியம் என 1971-இல் மத்திய அரசு அறிவித்தது. பின்னர் அது பதினைந்தாயிற்று. அதே 1971-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியதே ‘சிப்காட்’. ராணிப்பேட்டையும் ஓசூரும் அதன் தொடக்ககாலப் பிள்ளைகள். ஓசூர் பெங்களூருக்குப் பக்கத்துவீடு, தழைத்தது. ராணிப்பேட்டையிலும் வேலை கிடைத்தது. கூடவே, மூடிப்போன ஆலையொன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவும் இலட்சக்கணக்கான டன் கிடைத்தது.

இதில் ஒன்றை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அன்றைய மானியம் மூலதனத்துக்குத் தரப்பட்டது, ஆளுக்கு அன்று. பத்துப் பேர் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்தால், அந்த இயந்திரத்தின் விலைக்கும் சேர்த்தே மானியம். வேலை பெருக்க வந்த பணம் வேலை குறைக்கும் பொறிக்கும் போனது. ஐம்பதாண்டுக்கு மேல் கழித்து, 2025 ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டம்தான் தலையை எண்ணுகிறது. புதிதாய் ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. முதன்முதலாய் வேலைக்குச் செல்பவருக்கு, ஆறு மாதமும் பன்னிரண்டு மாதமும் நிலைத்தால், இரு தவணையில் 15,000 ரூபாய் வரை. பலன் எப்படி என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். ஆனால் கணக்கின் அலகு மாறியது நல்லதே என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கம் வந்தது செருப்பும் காலணியும் செய்யும் ஆலைகள். ஒரு காலணிக்கு வெட்டல், தையல், ஒட்டல், பொதிதல் என்று எத்தனையோ கைகள் வேண்டும். கைகள் மிகுந்த இடம் கிராமம். 2022-இல் தமிழ்நாடு அரசு இத்தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டு, 20,000 கோடி ரூபாய் முதலீடும் 2 இலட்சம் வேலையும் இலக்கு என்றது. இலக்கு என்பது வேறு, கைக்கு வருவது வேறு. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வேலை. அது என் அக்காவுக்கு வந்தது.

முதல் ஷிப்டு என்றால் விடியற்காலை நாலரைக்கு அக்கா எழுவாள். ஐந்தேகாலுக்குக் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ். முன்பெல்லாம் அந்நேரத்தில் பெண்பிள்ளைகள் தனியே ரோட்டில் நின்றால் ஊர் வாய் சும்மா இராது. இன்று முப்பது பேர் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்கிறார்கள். டீக்கடைக்காரரும் அவர்களுக்காகவே சீக்கிரம் அடுப்பு மூட்டுகிறார். வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வருவது பதினோராயிரத்துச் சொச்சம். அதில்தான் என் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் மூட்டுவலி மாத்திரை, கூட்டுறவு வங்கியில் வைத்த தோட்டின் வட்டி எல்லாம். மாலை வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கு அவளைத் தூக்கத்திலும் விடுவதில்லை. “கல்யாணம் ஆனா நின்னுடுவியா?” என்று அத்தை கேட்டதற்கு, “பஸ் வர்ற ஊராப் பாத்துக் குடுங்க அத்தை” என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அம்மா போய்வந்தது ஏரி வேலைக்கு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008-இல் நாடு முழுதும் பரவிய நூறு நாள் வேலையைத்தான் எங்கள் ஊரில் இப்படிச் சொல்வார்கள். மராட்டியத்தில் 1972 பஞ்சத்தின்போது முளைத்த வேலை உறுதித் திட்டமே இதற்கு முன்னோடி. வேலை கேட்டுப் பதினைந்து நாளுக்குள் தராவிட்டால் படி தரவேண்டும் என்று சட்டம் சொன்னது. எங்கள் ஊரில் அப்படிக் கேட்டு வாங்கியவர் எவரையும் நான் கண்டதில்லை.

ஏரி வேலையைக் கேலி பேசாத திண்ணை கிடையாது. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்பார்கள். நடவுக்கு ஆள் வரவில்லை என்பார்கள். மண்வெட்டியும் பாண்டும் பிடித்து வெயிலில் நின்றவர்கள் அப்படிப் பேசியதில்லை. தமிழ்நாட்டில் அவ்வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். அம்மா ஒருமுறை சொன்னாள்: “காட்டு வேலைன்னா ஆம்பளைக்கு ஒரு கூலி, எனக்கு ஒரு கூலி. ஏரியில அப்படிக் கெடையாதுடா.” அம்மா படித்ததில்லை. ஆனால் நடவுக்குக் கூப்பிட வந்தவரிடம் நின்று கூலி பேசும் தைரியம் அவளுக்கு அட்டை வந்தபிறகே வந்தது. பண்ணைக்காரர்களுக்கு வந்த கோபத்தின் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் செய்த வேலைக்கே மாதக்கணக்கில் கூலி வராமல், அம்மா வாரந்தோறும் வங்கிக் கணக்கைப் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினாள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தின் இடத்தில் புதியதொன்றை நிறைவேற்றியது. நாள் 125 ஆயிற்று. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பதை ஏற்கவேண்டும். விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் அறுபது நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். நாற்பதுக்குப் பணம் இல்லை என்று ஒரு மாநிலம் சொன்னால், கூடுதல் இருபத்தைந்து நாள் காகிதத்தில்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், என் வீட்டுக்கு இரண்டும் வேண்டியிருந்தன என்பதே விடை. கம்பெனி இளையவர்களை எடுத்துக்கொண்டது. ஏரி மீதிப் பேரைத் தாங்கியது. சிக்கல் மூன்றாவதொரு இடத்தில் இருக்கிறது.

செய்யாறு சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்போகிறார்கள் என்றதும், 2023 ஜூலையில் மேல்மா கூட்டுரோட்டில் உழவர்கள் பந்தலிட்டு அமர்ந்தனர். நவம்பரில் எழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. எங்கும் எதிர்ப்பு எழவே, அறுவர் மீதான ஆணையைச் சில நாளிலேயே திரும்பப்பெற்றனர். நிலமெடுப்பால் ஊருக்கு என்ன நேரும் என்று முன்கூட்டி ஆராயவேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். சிப்காட் நிலமெடுக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்த ஆராய்ச்சி இல்லை. ஒரு வேலை உண்டாக்க எத்தனை வேலை அழிகிறது என்று யாரும் எண்ணாமலே நிலம் கைமாற இது வழிசெய்கிறது. நஞ்சையில் இரண்டு போகம் எடுப்பவன் மட்டும் அங்கே பிழைக்கவில்லை. நாற்று பறிப்பவள், மாடு மேய்ப்பவர், வைக்கோல் வண்டிக்காரர் எவருக்கும் பட்டாவும் இல்லை, இழப்பீடும் இல்லை.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் என் தாய்மாமனுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம் உண்டு. போன பொங்கலுக்கு வந்தவர், சர்வே எண் எழுதிய தாளொன்றை என்னிடம் நீட்டி, “நீதான படிச்சவன், இதுல நம்ம நம்பர் இருக்குதா பாரு மாப்ளே” என்றார். பார்த்தேன், இருந்தது. அக்கா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து அடையாள அட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க கம்பெனியில முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கமாட்டாங்க மாமா” என்றாள்.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு.