உழாத வயலில் உளுந்து

தை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலேறினால், ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்! இரு புறமும் நெற்கதிர்கள் பொன்னாய்ச் சாய்ந்து கிடக்கும். அந்த அழகிலேயே மயங்கிவிடாமல் ஆடுதுறையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு சற்று நடந்து பாருங்கள். ஒரு வேடிக்கை காத்திருக்கிறது.

முற்றிய நெல்லுக்கு நடுவே ஒருவர் கூடையும் கையுமாக எதையோ இறைத்துக்கொண்டு போகிறார். அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் அடுத்த விதைப்பா? ஆமாம், உளுந்து! ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ. ஏரும் வேண்டாம், பாய்ச்சலும் வேண்டாம். வயலில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்தே 70 நாளில் காய்த்துவிடும்.

"உழாமலேயா விதைப்பது?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"இந்த மண்ணை மிதிச்சது போதாதா, தம்பி?" என்று சிரித்தார்.

சிரிப்பில் விஷயம் இருந்தது. குறுவைக்கு ஒரு தரம், தாளடிக்கு ஒரு தரம் சேறு கலக்கி உழுகிறோம். தண்ணீர் தேங்கி நிற்க அது வேண்டியதுதான். ஆனால் களிமண் கூழாகி, உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே கெட்டித் தளம் விழுந்துவிடுகிறது. மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடந்த மண்ணுக்குக் காற்றும் இல்லை.

உளுந்துக் காலத்தில்தான் அது மூச்சு விடுகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் சின்னஞ்சிறு முடிச்சுகள்! அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. வேரும் சருகும் மட்கும்போது அடுத்த நெல்லுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. 1922-ல் தோன்றிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமே இத்தகைய வயலுக்கேற்ற 'ஆடுதுறை 3' உளுந்தைத் தந்திருக்கிறது.

ஆனால் அடுத்த வயலில் உளுந்தைக் காணோம். அங்கே அறுவடை இயந்திரம் வரப்போகிறதாம். அதன் பாரத்தில் ஈர மண் அமுங்கும். முளைத்த உளுந்து நசுங்கும். அறுத்த பிறகு விதைக்கலாம் என்றால், ஈரம் காத்திருக்காது. மேட்டூர்த் தண்ணீரையும் ஜனவரி 28-ல் நிறுத்துவதுதான் வழக்கம்.

"மெஷினைத் திட்டி என்ன பிரயோஜனம்? அறுக்க ஆள் கிடைக்கலையே! அடுத்த வருஷம் நானும் அதைத்தான் கூப்பிடணும்" என்ற பெரியவர், கூடையில் மிச்சமிருந்த விதையைக் கையால் அளைந்தார்.

வாசகர்களே, நாளை இட்லிக்கு உளுந்து ஊறப்போடும்போது, அந்த வயலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.