முள் நிற்கும் நேரம்

பத்து வருடமாகப் பயிற்சிக் கையேடுகள் எழுதுகிறேன். எனக்கு எந்தத் துறையும் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டு, புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி எழுதுவதுதான் வேலை. அந்தத் தெரிந்தவர்களை அலுவலகத்தில் 'எஸ்.எம்.இ.' என்போம், துறை வல்லுநர். யார் வல்லுநர் என்பதை நான் முடிவு செய்வதில்லை. மேலிருந்து பட்டியல் வரும். அதில் பெரும்பாலும் 'சார்'கள்தான் இருப்பார்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக, குழந்தைகளின் எடையும் உயரமும் பார்ப்பது பற்றி ஒரு கையேடு வந்தது. பட்டியலில் இரண்டு குழந்தை மருத்துவர்கள். மூத்தவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். நல்ல ஆசிரியர், குறை சொல்ல முடியாது. 2 வயதுக்குக் கீழே படுக்கவைத்தே அளக்க வேண்டும், நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் வளர்ச்சி அட்டை ஏன் தனித்தனி என்பதையும் அவர்தான் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1 வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9. அட்டை மாறிப்போனால் மெலிந்த பையன் நன்றாக இருப்பதாகத் தெரிவான்.

எடை எப்படி எடுப்பது என்று கேட்டேன்.

"அதுல என்னம்மா இருக்கு? முள்ளைப் பூஜ்யத்துல வைக்கணும், குழந்தையைத் தொங்கவிடணும், ரீடிங் பார்க்கணும்."

மூன்று படிகள் என்று எழுதிக்கொண்டேன்.

செய்யாறு பக்கம் ஒரு பால்வாடிக்குப் படம் எடுக்கத்தான் போனேன். கேட்டுக்கொள்ளப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொங்கு தராசில் பதினான்கு மாதக் குழந்தை ஒன்று வீறிட்டது. முள் ஐந்துக்கும் பத்துக்கும் இடையே ஆடியது. என்னுடைய மூன்று படிகளில் இதற்கு வழி இல்லை.

டீச்சர் அவசரப்படவில்லை. குழந்தையை இறக்கி, தூளித் துணியை அதன் கையிலேயே விளையாடக் கொடுத்தார். கொலுசைக் கழற்றச் சொன்னார். துணியை மட்டும் மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு குழந்தையை உட்காரவைத்து, முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துக் காத்திருந்தார்.

"எவ்ளோ அழுதாலும் நடுவுல மூச்சு வாங்கும்ல மேடம், அப்ப முள்ளு நிக்கும். அதைப் புடிச்சிடணும்."

எடையைச் சத்தமாகச் சொல்லவும் இல்லை. குழந்தையோடு வந்திருந்த பாட்டியை, "பெரியம்மா, உள்ள ஆயாகிட்ட சத்துமாவு வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிட்டு, அம்மாவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"மாமியா காதுல வுழுந்தா, 'ஒனக்குப் பாலு பத்தல, நீ ஒழுங்கா ஊட்டல'ன்னு ராத்திரிக்கு அவளுக்குத்தான் ஏச்சு. அடுத்த மாசம் அவ இங்க வரவே மாட்டா. வராத புள்ளைக்கு நான் எப்புடி எடை பாக்கிறது?"

அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து மூன்று படிகளைப் பதினொன்றாக எழுதினேன்.

சரிபார்ப்புக் கூட்டத்தில் மருத்துவர் பத்தை ஒப்புக்கொண்டார். மூச்சு வாங்கும் நேரம் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்து, "பிரமாதம், இது எனக்குத் தோணவே இல்லை" என்றார். மாமியார் பத்தியை மட்டும் அடித்தார். "இது மருத்துவம் இல்லையேம்மா, காமன்சென்ஸ்." எடை பார்க்க வராமல் போகிற குழந்தையைப் பற்றித்தான் அந்தப் பத்தி என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அவர் சார், நான் எழுதிக்கொடுக்கிறவள். அந்த அறையில் எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

வல்லுநர் பட்டியலில் டீச்சரைச் சேர்க்க மட்டும் முயன்றேன். படிவத்தில் கல்வித் தகுதி, பதவி, மதிப்பூதியம் என்று கட்டங்கள். முதல் கட்டத்திலேயே நிர்வாகம் நிறுத்திவிட்டது. 1975இல் தொடங்கிய திட்டம் இது. மத்திய அரசின் ஆவணங்களில் இந்தப் பெண்கள் இன்னமும் 'கௌரவப் பணியாளர்கள்'. அவர்களுக்கு மாதாமாதம் தருவதற்குப் பெயர் மதிப்பூதியம். மருத்துவரின் இரண்டு மணி நேரத்துக்கு நாங்கள் கொடுத்ததற்கும் அதே பெயர். பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஆகிவிட்டது. எங்கள் படிவம் எம்மாத்திரம்?

கடைசியில் அவர் பெயர் 'களப்பணியில் உதவியோர்' என்பதன் கீழே, வாகன ஓட்டுநருக்கு அடுத்து வந்தது. (இங்கே அவர் பெயரை எழுதாதது அவர் கேட்டுக்கொண்டதால். வேலைக்குச் சிக்கல் வரும் என்றார்.)

அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்தைக் காட்டத் தயங்கி நின்றேன். அவர் அதைத் திருப்பவே இல்லை. நேராக எடை பார்க்கும் பக்கத்துக்குப் போய், விரலை வைத்துப் படித்தார்.

"கொலுசு போட்டிருக்கீங்க. அரைஞாண்? வெள்ளியில கனமா போட்டிருப்பாங்க. கழட்டச் சொன்னா கண்ணு பட்டுடும்னு உடமாட்டாங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு, அதை எழுதலியே." இன்னும் கொஞ்சம் கீழே போனார். "மாமியா சமாச்சாரம் எங்க?"

எடுத்துவிட்டார்கள் என்றேன்.

"யாரு?"

பதில் சொல்லாமல் நின்றேன். அவர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, பக்கத்தின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுத ஆரம்பித்தார்.